அரிவாள்மனைக்குத் துணையாக எந்தக் கத்தி?

காரைக்கால் வட்டாரத்தில் திருமலைராயன்பட்டினத்தை ஒட்டிய பட்டினச்சேரி போன்ற மீனவ ஊர்களில், மீன் அரிவதற்கு ஏற்ற கருவி கத்தியன்று, அரிவாள்மனையே ஆகும். மரப்பலகையில் நிமிர்ந்து நிற்கும் அலகு, அதாவது வெட்டும் தகடு, அசையாதிருக்க, வெட்டப்படும் பொருளே அதை நோக்கி நகர்வதால், வழுக்கும் மீனை இரு கைகளாலும் பற்றிக்கொள்ள முடிகிறது. செதில் சுரண்டுவதும் செவுள் களைவதும் துண்டு போடுவதும் அந்த ஓர் அலகிலேயே முடிந்துவிடுகின்றன. ஆகவே அத்தகைய வீட்டுக்குக் கத்தி வாங்குவோர், அரிவாள்மனைக்கு எட்டாத வேலைகள் எவை என்பதிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

மரக்கட்டையில் செருகி விற்கப்படும் கத்தி செட், நின்றபடி பலகையில் வைத்து நறுக்கும் ஐரோப்பியச் சமையலறைக்காக உருவானது. ஏறத்தாழ 20 செ.மீ. நீளமுள்ள பெரிய கத்தியும் தோல் சீவும் சிறு கத்தியும் எந்த வீட்டுக்கும் பயன்படும். ரொட்டி அறுக்கும் பற்கத்தி, மொறுமொறுப்பான பிரெஞ்சு ரொட்டி வாங்கும் வீட்டுக்கு உதவும். முழுதாகச் சுட்ட இறைச்சியைச் சீவுவதற்கான நீண்ட கத்திக்கோ மீன்குழம்பு கொதிக்கும் அடுப்படியில் வேலையே இல்லை.

இதனினும் பெரிய குறை உலோகத்தில் இருக்கிறது. செட்டில் உள்ள கத்திகள் பெரும்பாலும் ஒரே எஃகால், ஒரே கடினத்தில் செய்யப்படுகின்றன. கூம்பு வடிவ வைர முனையை உலோகத்தில் அழுத்தி, அது இறங்கும் ஆழத்தைக் கொண்டு கடினத்தை அளக்கும் ராக்வெல் முறையில், ஜெர்மானியச் சமையல் கத்திகள் 56 அளவிலும், ஜப்பானியக் கத்திகள் பல 60க்கு மேலும் நிற்கின்றன. கடினம் கூடினால் கூர் நெடுநாள் நிலைக்கும், ஆனால் எலும்பில் பட்டால் வாய் பொரிந்துவிடும். கடினம் குறைந்தால் அடியைத் தாங்கும், ஆனால் கூர் விரைவில் மழுங்கும். இவ்விரண்டையும் ஒரே பதத்தில் முழுமையாகப் பெற இயலாது. அலகின் வடிவும் வேலைக்கேற்ப மாற வேண்டும் என்பதால், ஜப்பானியர் மீன்தலையை வெட்டத் தடித்த முதுகுடைய தேபாவையும், பச்சை மீனை மெல்லியதாகச் சீவ நீண்ட யானாகிபாவையும் வேறுவேறாக வடித்தனர்.

கடற்கரை வீட்டுக்கு உப்பும் ஒரு கணக்கு. குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் கலந்த எஃகின் மேல் படியும் மெல்லிய ஆக்சைடு படலமே துருவைத் தடுக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அப்படலத்தை ஆங்காங்கே துளைத்துவிடுவதால், எவர்சில்வர் கத்தியிலும் புள்ளிபுள்ளியாகக் குழி விழும். கொல்லுப்பட்டறையில் அடித்த கார்பன் எஃகு எளிய சாணைக்கல்லிலேயே அருமையாகக் கூர் ஏறும். ஆயினும் ஈரத்தோடு விட்டால் ஓர் இரவில் துரு படரும், எலுமிச்சையும் மாங்காயும் பட்டால் கறுக்கும். எனவே மீனுக்குத் துடைத்து எண்ணெய் பூசிய கார்பன் எஃகு அரிவாள்மனை, காய்க்கும் புளிப்புக்கும் துருவேறா எஃகில் பெரிதும் சிறிதுமாக இரண்டு கத்திகள் என்று தனித்தனியே தேர்வதே தக்கது. கத்தி ஒன்றின் விலை செட்டில் குறையக்கூடும் என்பது உண்மையே. எடுக்காத கத்திக்குக் கொடுத்த பணத்தை நல்ல எஃகில் இட்டிருக்கலாம் என்பதும் உண்மையே.

வாங்கும்போது காம்பையும், அதாவது அலகு கைப்பிடிக்குள் நீளும் பகுதியையும், பார்த்தல் நன்று. அது பிடியின் கடைசி வரை ஓடி, இடைவெளியின்றிப் பொருந்தியிருந்தால் மீன்நீர் உள்ளே தங்காது. கழுவிய கத்தியை மரக்கட்டையின் துளையில் ஈரத்தோடு செருகினால் கடற்காற்றில் அது எளிதில் உலர்வதில்லை. துடைத்துக் காற்றுப்படும்படி ஆணியில் தொங்கவிடும் இரண்டு கத்திகளுக்கு அந்தக் கட்டையே தேவையில்லை.