வீட்டிலே பேச்சு நின்றுவிட்டதா?

2019 டிசம்பர் 29. ரோமாபுரியின் புனித பேதுரு சதுக்கத்திலே மக்கள் திரண்டிருந்தனர். இயேசு, மேரி, சூசை மூவரையும் ஒரு குடும்பமாகக் கத்தோலிக்கர் நினைவுகூரும் திருக்குடும்பத் திருநாள் அது. அன்றைய போப்பாண்டவர் பிரான்சிஸ் கூட்டத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். மோட்சத்தைப் பற்றியல்ல, நரகத்தைப் பற்றியுமல்ல. சாப்பாட்டு மேசையைப் பற்றி! வீட்டிலே ஒருவரோடொருவர் பேசுகிறீர்களா, அல்லது ஆளுக்கொரு செல்போனை வைத்துக்கொண்டு, பூசையில் இருப்பதுபோல வாய்மூடி உட்கார்ந்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

கேட்டவர் 2025 ஏப்ரலில் மறைந்துவிட்டார். கேள்வி மறையவில்லை.

நாம் பைபிளைக் கையிலேந்தி உபதேசம் செய்ய வந்தவர்கள் அல்ல. கோயிலுக்குப் போகிறவர், போகாதவர் என்ற பேதம் செல்போனுக்குக் கிடையாது. ஆயினும், இந்த விஷயத்திலே கிறிஸ்தவப் பெற்றோர் சிலர் யோசித்து வைத்திருப்பதை நாமும் காது கொடுத்துக் கேட்கலாம் என்றே எழுதுகிறோம்.

எதிராளி யார்? அதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வேலை முடிந்து வீடு திரும்புகிறோம். பையன் கையிலே போன். "எந்நேரமும் இதே வேலைதானா?" என்று பாய்கிறோம். பையனுக்கோ பத்து வயது. அவனுக்கு எதிரே நிற்பவை, படித்த மூளைகளை ஆயிரக்கணக்கில் சம்பளத்துக்கு வைத்திருக்கும் கம்பெனிகள்! பேஸ்புக் கம்பெனியின் முதல் தலைவராக இருந்த ஷான் பார்க்கர், மக்களின் நேரத்தையும் கவனத்தையும் எவ்வளவு அதிகமாக விழுங்கலாம் என்பதே தொடக்கத்தில் தங்கள் யோசனையாக இருந்தது என்று 2017இல் மேடையிலேயே ஒப்புக்கொண்டார். விரலால் தள்ளத் தள்ள முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கிறதே, அந்த ஏற்பாட்டை 2006இல் வடிவமைத்த ஏசா ராஸ்கின் பின்னாளில் அதற்காக வருந்தினார். பிள்ளைகளை விடாமல் பிடித்து வைக்கும்படி செயலிகளை அமைத்திருக்கிறது என்று, 2023 அக்டோபரில் அமெரிக்க மாநிலங்கள் 40க்கு மேல் மெட்டா கம்பெனிமீது வழக்குத் தொடுத்தன. கம்பெனி மறுக்கிறது. மறுக்காமல் என்ன செய்யும்?

இன்னொன்றையும் கேளுங்கள். ஐபேட் வெளிவந்த 2010இல், உங்கள் பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடித்திருக்குமே என்று ஒரு நிருபர் ஆப்பிள் கம்பெனித் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸிடம் கேட்டார். அவர்கள் அதைத் தொட்டதில்லை, வீட்டிலே அளவு வைத்திருக்கிறோம் என்றாராம் அவர்! மிட்டாய்க் கடைக்காரர் தம் பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பதில்லை. ஊரார் பிள்ளைக்குத்தான் கூவிக் கூவி விற்கிறார்.

அதே அமெரிக்காவிலே ஆண்டி க்ரவுச் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் 2017இல் ஒரு புத்தகம் எழுதினார். தம் வீட்டிலே கடைப்பிடிக்க முயன்ற பத்து உறுதிகளைச் சொல்லி, எதிலெதிலே தவறினோம் என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். பத்து வயதாகும்வரை பிள்ளைக்குத் திரை வேண்டாம் என்கிறார். இரவிலே போன் நமக்கு முன் உறங்க வேண்டும், காலையிலே நமக்குப் பின் எழ வேண்டும் என்கிறார். வண்டியிலே போகும் நேரம் பேசுவதற்கான நேரம்; வீட்டார் சேர்ந்து பாடப் பழக வேண்டும். நாளுக்கு ஒரு மணி, வாரத்துக்கு ஒரு நாள், ஆண்டுக்கு ஒரு வாரம் கருவிகளை மூடி வைக்க வேண்டும். இதிலே நமக்கு உறைப்பது எது தெரியுமா? இவற்றில் பெரும்பாலானவை அப்பா அம்மாவுக்கும் சேர்த்து!

அந்த ஒரு மணி நேரம் நம் நாட்டுக் கிறிஸ்தவ வீடுகளுக்குப் புதிதல்ல. நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கத்து வீடுகளிலே இரவில் குடும்ப ஜெபம் வைப்பார்கள். பாயை விரித்து எல்லோரும் உட்காருவார்கள். ஒரு பாட்டு, பிறகு ஆளுக்கொரு வசனமாக ஓர் அதிகாரம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் சின்னப் பிள்ளைக்கும் முறை வரும். அது தட்டுத் தடுமாறி முடிக்கும்வரை தாத்தா காத்திருப்பார். கத்தோலிக்க வீடுகளிலே ஜெபமாலை. பக்தி ஒருபுறம் இருக்கட்டும். அப்பன் முகத்தைப் பிள்ளையும், பிள்ளை முகத்தை அப்பனும் பார்ப்பதற்கென்று ஒரு வேளை ஒதுக்கியிருந்தார்கள்.

இப்போது வேதாகமமே செயலியாகிப் போனுக்குள் வந்துவிட்டது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் சங்கீதம் வாசிக்கும்போதே மேலே ஒரு செய்தி மின்னுகிறது. விரல் அங்கே போகிறது. ஜெபம் முடிந்தது! இதைக் கண்டுகொண்டு, ஜெபத்துக்கு அச்சுப் புத்தகம்தான் என்று முடிவு கட்டிய வீடுகளும் உண்டு.

வாரத்துக்கு ஒரு நாள் என்பதுதான் நம்மை யோசிக்க வைக்கிறது. பம்பாய் ஆலைத் தொழிலாளிக்கு ஞாயிறு விடுமுறை சும்மா கிடைக்கவில்லை. நாராயண் மேகாஜி லோகண்டே தலைமையிலே மனுப் போட்டு, கூட்டம் கூட்டி, ஆண்டுக்கணக்கில் போராடி, 1890 ஜூனில் பெற்றது அது. இன்றைக்கு அம்மா பனியன் கம்பெனியிலே ஓவர்டைம், அப்பா சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு ஓடும் வண்டியிலே என்றால், குழந்தைக்குச் சோறு ஊட்டுவது யார்? கார்ட்டூன்தான்! அந்தத் தாயைக் குறை சொல்ல நமக்கு நாக்கு எழவில்லை. ஆண்டுக்கு ஒரு வாரமா? சம்பளத்தோடு விடுப்பு உள்ளவர் அதைப் பற்றிப் பேசட்டும்.

ஒரு மணி நேரம் மட்டும் நம் கைக்கு எட்டும். இரவு ஷிப்டுக்காரருக்கு அது காலைக் கஞ்சி வேளையாக இருக்கலாம். வீட்டிலே ஒரு மாடம் இருக்கும். எல்லாப் போனும் அங்கே போகட்டும், முதலில் அப்பாவின் போன். சங்கத்து வாட்ஸ்அப் குழுவிலே செய்தி வந்தால் என்ன செய்வது என்று தோழர் ஒருவர் கேட்பார். அந்தக் குழுவிலே வரும் காலை வணக்கப் படங்களை நாமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்! மெய்யாகவே அவசரமானால் மணியடிப்பார்கள்.

முதல் நாள் பேச்சு வராது. பள்ளியிலே என்ன நடந்தது என்றால் "ஒண்ணுமில்லே" என்பான் பையன். மறுநாளும் அதே பதில்தான் வரும். அப்போது கேள்வியை நிறுத்திவிட்டு, இன்றைக்குப் பட்டறையிலே பெல்ட் அறுந்தது, மேஸ்திரி கத்தினார், பிறகு எல்லோரும் எப்படிச் சிரித்தோம் என்று நாம் சொல்லத் தொடங்குவோம்.