டிசைன் மேசைக்கு நம் பிள்ளைகள் போகும் வழி

கணினித் திரையில் இயந்திரம் கச்சிதமாக இருக்கும். பட்டறையில் பாகங்களைச் சேர்க்கும்போதுதான் தெரியும், ஒரு போல்ட்டை முறுக்க ஸ்பேனர் உள்ளே நுழையவில்லை என்று. "இதை வரைஞ்ச இன்ஜினீயர் யாருப்பா?" என்று பிட்டர் சத்தம் போடுவார். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இயந்திர வடிவமைப்பு வேலைக்குப் புதிதாகப் போகிறவர்கள் கேட்டே தீர வேண்டிய குரல் அது.

மெக்கானிக்கல் படிக்கும் பிள்ளைகள் நம் சேரிகளிலும் காலனிகளிலும் ஏராளம். இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லத்தான் வீட்டில் ஆள் இல்லை. ஆகவே இந்த வாரம் அதைப் பேசுவோம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் தொடங்கியது. அதற்கு முன்பே 1961-ல் ஆவடிக்குக் கனரக வாகனத் தொழிற்சாலை வந்துவிட்டது. பூந்தமல்லியைத் தாண்டினால் திருமழிசை சிட்கோ பேட்டை. இங்கெல்லாம் கார், லாரிக்கு உதிரிபாகம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாகங்களைச் செய்வதற்கான இயந்திரத்தையே செய்து கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். கடையில் கிடைக்காத, ஒரே ஒரு வேலைக்காகச் செய்யப்படும் அந்த இயந்திரத்தை 'எஸ்.பி.எம்.' என்பார்கள்.

ஒரு பிரேக் பாகத்தில் எட்டுத் துளை போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண டிரில்லிங் மிஷினில் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். எஸ்.பி.எம்.மில் எட்டு டிரில்லும் ஒரே நேரத்தில் இறங்கும். அதற்குப் பாகம் அசையாமல் உட்கார வேண்டும். அடியில் மூன்று புள்ளி, பக்கவாட்டில் இரண்டு, முனையில் ஒன்று என ஆறு இடத்தில் தாங்கினால், எத்தனை முறை எடுத்து வைத்தாலும் அதே இடத்தில் உட்காரும். இறுக்கிப் பிடித்தால் பாகம் வளையக் கூடாது. வெட்டிய இரும்புச் சுருள் சிக்காமல் கீழே விழ வேண்டும். தொழிலாளி அவசரத்தில் தலைகீழாக வைத்தால் உள்ளே போகவே கூடாது. மோட்டாருக்கு எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்று கணக்குப் போட வேண்டும். இத்தனையும் யோசிப்பவர்தான் டிசைன் இன்ஜினீயர். அவர் விளையாடும் அளவு 0.02 மில்லிமீட்டர், தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு.

இதில் பாதி கல்லூரியில் கிடைக்கும், மீதி பட்டறையில்தான். அப்பா வெல்டராகவோ லேத் ஓட்டுபவராகவோ இருந்த வீட்டுப் பிள்ளைக்கு, ஸ்பேனர் நுழையுமா என்ற கேள்வி படம் போடும்போதே வரும் என்பது நம் எண்ணம். கிண்டி பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் பட்டப்படிப்பு 1894-ல் வந்தது. அன்று முதல் நெடுங்காலம், இரும்போடு மல்லுக்கட்டிய கைகள் ஒருபக்கமும் படம் வரையும் கைகள் மறுபக்கமும்தான் இருந்தன.

இப்போது கல்லூரிக் கதவு திறந்திருக்கிறது. அருந்ததியர் உள்ஒதுக்கீடு 3 சதவீதம் உட்பட எஸ்.சி. ஒதுக்கீடு 18 சதவீதம். அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீதம். முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை. சிக்கல் தொழிற்சாலைக் கதவில் இருக்கிறது.

இருபது பேர் வேலை பார்க்கும் நிறுவனம் பேப்பரில் விளம்பரம் கொடுப்பது அபூர்வம். "தெரிஞ்ச பையன் இருந்தா சொல்லுங்க" என்பதோடு சரி. தெரிந்த பையன் பெரும்பாலும் சொந்தக்காரப் பையனாகவே இருப்பான். நேர்காணலில் யாரும் சாதியைக் கேட்பதில்லை. "எந்த ஊரு தம்பி?" என்பார்கள். அடுத்து, "ஊருக்குள்ள எங்க?" என்பார்கள். டிசைன் வேலைக்கும் இந்த இரண்டாவது கேள்விக்கும் என்ன சம்பந்தம்?

தனியார் வேலையில் இடஒதுக்கீடு இல்லை. ஆனால் தொழில் பழகுநர் சட்டம் 1961-ஐ நம்மில் பலர் கவனித்ததில்லை. 30 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தாக வேண்டும். அந்த இடங்களில் எஸ்.சி., எஸ்.டி.க்கு ஒதுக்கீடு உண்டு என்கிறது பிரிவு 3ஏ. தனியார் நிறுவனத்துக்கும் இது பொருந்தும். முடித்தபின் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இல்லை. அதனால் அந்த ஓராண்டை பேக்கிங் பிரிவில் கழிக்காமல், டூல் ரூமிலோ டிசைன் பிரிவிலோ உட்கார வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும்.

மாணவர்களுக்கு இன்னொன்று. சாலிட்வொர்க்ஸ் சான்றிதழ் இப்போது எல்லோரிடமும் இருக்கிறது. ஊரில் பழுதாகிக் கிடக்கும் மோட்டார் பம்பைக் கழற்றுங்கள். ஒரு பாகத்தை வெர்னியரில் அளந்து, எந்த அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்று குறித்துப் படம் போடுங்கள். அதைப் பிடிக்க ஒரு பிக்ஸ்சரும் வரையுங்கள். நேர்காணலில் அந்தத் தாளை மேசைமேல் வைத்தால் பேச்சு ஊரை விட்டு இயந்திரத்துக்கு வரும்.

பத்து வருடம் அனுபவம் சேர்ந்தவர்கள் சொந்தப் பட்டறையையும் யோசிக்கலாம். மத்திய அரசு நிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் 4 சதவீதத்தை எஸ்.சி., எஸ்.டி. தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும் என்பது 2012-ன் கொள்கை. ஆவடி தொழிற்சாலையும் 2021 முதல் மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் கீழ்தான் இருக்கிறது. தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம், அதிகபட்சம் ரூ.1.5 கோடி வரை உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

டிப்ளமோ, பட்டம் முடித்தவர்களுக்கான பழகுநர் பயிற்சியைத் தரமணியில் உள்ள தென்மண்டல வாரியம் கவனிக்கிறது. பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஐ.டி.ஐ. முடித்தவர்கள் அம்பத்தூர் அரசு ஐ.டி.ஐ.யிலேயே விசாரிக்கலாம். போகும்போது சாதிச் சான்றிதழை மறக்க வேண்டாம்.