ஆடிப்பட்டம்: தேதியா, ஈரமா?

ஜூன் 12 என்றதும் டெல்டா விவசாயிகளுக்கு மேட்டூர் அணை நினைவுக்கு வரும். 1934-இல் திறக்கப்பட்ட அந்த அணையிலிருந்து குறுவைக்குத் தண்ணீர் விடும் வழக்கமான நாள் அது. ஆனால் அணையில் நீர் குறைந்த ஆண்டுகளில் அந்தத் தேதி தள்ளிப்போயிருக்கிறது. மானாவாரிக்கும் இதுதான் கணக்கு.

எங்கள் வீட்டில் தினசரி காலண்டர் தாளைக் கிழிப்பது அப்பாதான். நான் கல்லூரியில் படித்தபோது ஓர் ஆடியில், மேல்நோக்கு நாள் பார்த்து, ஒரே ஒரு தூறலை நம்பி நிலக்கடலை விதைத்தார். பிறகு மழையே இல்லை. முளைத்ததெல்லாம் காய்ந்தது. விதைக்கடலைக் கடனுக்காக அம்மாவின் தோடு அடகுக்குப் போனது.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்கிறோம். தேட வேண்டியது ஈரத்தையும்தான். ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்து உள்ளங்கையில் அழுத்திப் பிடியுங்கள். உருண்டையாக நின்றால் விதைக்கலாம், உதிர்ந்தால் பொறுங்கள்.

பொறுக்கும் நாளிலும் வேலை உண்டு. 100 விதைகளை ஈரச் சாக்கில் முளைக்க வையுங்கள். 70-க்குக் குறைவாக முளைத்தால் வேறு விதை வாங்குங்கள். விதைக்கும் முன் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைநேர்த்தி செய்யுங்கள்.

அப்பா இப்போது இல்லை. காலண்டர் தாளை நான் கிழிக்கிறேன். கிழித்த கையோடு வயலுக்குப் போய் மண்ணைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம், அந்த ஆடிக்குப் பிறகு வந்தது.