ஓசை குறைந்த கணினிப் பெட்டி: வீட்டிலேயே வடிவமைப்பது எப்படி?

புதுதில்லி: படிப்பு, பணி, உறக்கம் என அனைத்தும் ஒரே அறையில் நடைபெறும் வீடுகளில், மேசைக் கணினியின் இடைவிடாத இரைச்சல் பெரும் தொல்லையாகிறது. இரைச்சலைக் குறைக்கும் பெட்டியை பிளைவுட் பலகையைக் கொண்டு வீட்டிலேயே உருவாக்க முடியும். ஆனால், ஓசை வெளியேறும் வழிகளை எல்லாம் அடைத்துவிட்டால், இந்தியக் கோடையில் அது கணினிக்கே கேடாக முடியும்.

இரைச்சலின் மூலம் எது?

மின்விசிறிகளும் ஹார்ட் டிஸ்க்கும்தான். விசிறியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் காற்றோட்டமும் பாதியாகும். ஓசையோ சுமார் 15 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தாலே ஓசை பாதியானதாகக் காது உணரும். இழந்த காற்றோட்டத்தைப் பெரிய விசிறி ஈடுசெய்யும். எனவே, வேகமாகச் சுழலும் 80 மி.மீ. விசிறிக்குப் பதிலாக, மெதுவாகச் சுழலும் 120 அல்லது 140 மி.மீ. விசிறியைப் பொருத்துவதே முதல் படி.

நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க், நொடிக்கு 120 அதிர்வுகளைப் பெட்டிக்குக் கடத்துகிறது. ரப்பர் வளையங்களின் மீது அதைப் பொருத்தினால் ரீங்காரம் தணியும். எஸ்எஸ்டிக்கு மாறினால் இச்சிக்கலே எழாது.

பெட்டியின் அமைப்பு

ஏடிஎக்ஸ் வகை மதர்போர்டின் அளவு 305 x 244 மி.மீ. இதற்கேற்ப உள்ளளவைத் தீர்மானிக்க வேண்டும். எளிதில் அதிராத 18 மி.மீ. பலகை ஏற்றது. காற்று முன்புறம் கீழ்ப்பகுதியில் நுழைந்து, பின்புறம் மேல்பகுதியில் வெளியேற வேண்டும்.

விசிறிக்கு நேரெதிரே திறப்பு வைக்காமல், காற்று ஒருமுறை வளைந்து செல்லும் பாதை அமைத்தால் ஓசை நேரடியாகக் காதை எட்டாது. பாதையின் உட்புறம் தீத்தடுப்பு ஃபோம் ஒட்டலாம். எனினும், பாதையின் பரப்பு விசிறியின் பரப்பைவிடக் குறையக் கூடாது. மெல்லிய ஃபோம் கீச்சொலியை உறிஞ்சுமே தவிர, தாழ்ந்த ரீங்காரத்தைத் தடுக்காது.

வெப்பமும் தூசியும்

அறையின் வெப்பநிலை 25 டிகிரியிலிருந்து 40 டிகிரி செல்சியஸாக உயர்ந்தால், உள்ளே உள்ள செயலியின் வெப்பமும் ஏறத்தாழ 15 டிகிரி உயரும். 100 டிகிரியை நெருங்கும்போது பெரும்பாலான செயலிகள் தமது வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். காற்று நுழையும் இடத்தில் உள்ள தூசி வலையைச் சுத்தம் செய்யத் தவறினாலும் இதே நிலைதான்.

மின் பாதுகாப்பு

உலோகப் பெட்டி இயல்பாகவே எர்த் இணைப்புப் பெற்றிருக்கும். மரப்பெட்டிக்கு அந்த வசதி இல்லை. ஆகவே, மதர்போர்டையும் பவர் சப்ளையையும் ஒரே உலோகத் தகட்டில் திருகி, எர்த் உள்ள மூன்று முனை சாக்கெட்டில் இணைக்க வேண்டும். பவர் சப்ளையை ஒருபோதும் பிரிக்கக் கூடாது. இணைப்பைத் துண்டித்த பின்னரும் அதிலுள்ள கெப்பாசிட்டர்களில் மின்னூட்டம் எஞ்சியிருக்கும்.

இறுதிச் சோதனை

மூடியைத் திறந்து வைத்து அரை மணி நேரமும், மூடி வைத்து அரை மணி நேரமும் கணினியை முழுத்திறனில் இயக்கி வெப்பநிலையை ஒப்பிட வேண்டும். மூடியபோது வெப்பம் வெகுவாக உயர்ந்தால், விசிறியின் வேகத்தைக் கூட்டுவதற்கு முன் திறப்புகளை அகலப்படுத்துவதே சரியான தீர்வு.