ஆறு மைலுக்கு ஆறு மைல்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், வடக்கே மினசோட்டா எல்லையை உரசிக்கொண்டு கிடக்கிறது ஹோவர்டு கௌன்டி. மாவட்டம் மாதிரியான ஒரு நிர்வாகப் பிரிவு. அங்கே 1865இல் கட்டிய ஒற்றையறைப் பள்ளிக்கூடம் ஒன்றை இன்றும் காத்துவருகிறார்கள். அதன் பெயர், ‘நியூ ஒரிகன் எண் 8’. தலைவர் பெயரோ புனிதர் பெயரோ கிடையாது, வெறும் எண்தான். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் அமெரிக்க நடுமேற்குப் பகுதியின் நிலமும் மக்கள்தொகையும் எப்படி அமைந்தன என்பது பெருமளவு விளங்கிவிடும்.

நியூ ஒரிகன் என்பது ஒரு டவுன்ஷிப். நகரியம் என்று எண்ணி அடுக்குமாடிகளைத் தேட வேண்டாம். இங்கே டவுன்ஷிப் என்றால் ஏறக்குறைய ஆறு மைல் நீளம், ஆறு மைல் அகலம் கொண்ட ஒரு சதுர நிலம். நம் கிலோமீட்டர் கணக்கில் 93 சதுர கி.மீ. அதற்குள் ஒரு சிற்றூர் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். அயோவாவில் இந்தச் சதுரத்தைப் பெரும்பாலும் ஒன்பது பள்ளி வட்டாரங்களாகப் பிரித்தார்கள். வட்டாரம் ஒன்றுக்கு நான்கு சதுர மைல், நடுவே ஒரு பள்ளி. எந்தக் குழந்தையும் இரண்டு மைலுக்கு மேல் நடக்கக் கூடாது என்பது கணக்கு. எட்டாவது வட்டாரத்துப் பள்ளிக்கு எட்டாம் எண். இருபதாம் நூற்றாண்டு தொடங்கியபோது அயோவாவில் இப்படிப்பட்ட ஒற்றையறைப் பள்ளிகள் 12,000க்கு மேல் இருந்தன.

எட்டாம் எண் பள்ளிக்கு நடந்து போன பிள்ளைகளில் ஒருவர் நார்மன் போர்லாக். 1914இல் பிறந்தவர், 106 ஏக்கர் குடும்பப் பண்ணையில் மக்காச்சோளமும் ஓட்ஸும் பயிரிட்டு, மாடும் பன்றியும் கோழியும் மேய்த்து வளர்ந்தவர். குட்டைக் கோதுமை ரகங்களுக்காக 1970இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். அந்த விதைகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்ததில் அவரோடு தோள் கொடுத்தவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன். போர்லாக் தொடங்கிவைத்த உலக உணவுப் பரிசின் முதல் விருது, 1987இல், சுவாமிநாதனுக்கே போயிற்று.

சரி, இந்தச் சதுரம் எங்கிருந்து வந்தது? ஆறும் மேடும் வகுக்காத எல்லை இது. 1785 மே மாதம் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு நிலச் சட்டம் போட்டது. விடுதலைப் போரின் கடன் கழுத்தை நெரித்த காலம். மேற்கே கிடந்த நிலத்தை அளந்து விற்றால் கஜானா நிரம்பும். அளக்காமல் விற்றால் வழக்குதான் நிரம்பும் என்பதைக் கிழக்கு மாநிலங்களின் அனுபவம் காட்டியிருந்தது. முந்தைய ஆண்டு தாமஸ் ஜெஃபர்சனின் குழு பத்து மைல் சதுரத்தைப் பரிந்துரைத்தது. காங்கிரஸ் அதை ஆறாகக் குறைத்தது. 1785 செப்டம்பரில் தாமஸ் ஹட்சின்ஸ் என்ற அதிகாரி ஒஹையோ ஆற்றங்கரையில் அளவை தொடங்கினார்.

கருவி, 66 அடி நீளமுள்ள ஓர் இரும்புச் சங்கிலி. எட்மண்ட் கண்டர் என்ற ஆங்கிலக் கணிதர் 1620 வாக்கில் வடிவமைத்தது. 100 லிங்க் சேர்ந்தால் ஒரு சங்கிலி, 80 சங்கிலி ஒரு மைல், 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். தமிழ்நாட்டுப் பத்திரங்களில் புழங்கும் ‘சென்ட்’ இதே குடும்பம்தான்: ஏக்கரில் நூறில் ஒரு பங்கு, அதாவது 1,000 சதுர லிங்க். கிழக்கிந்தியக் கம்பெனியின் அளவையாளர்களும் ஒஹையோ காட்டில் நடந்தவர்களும் ஒரே சங்கிலியைத்தான் இழுத்தார்கள்.

டவுன்ஷிப்புக்குள் ஒரு மைல் சதுரமாக 36 துண்டுகள். ஒவ்வொன்றும் 640 ஏக்கர், பெயர் ‘செக்‌ஷன்’. வடகிழக்கு மூலையில் ஒன்றாம் எண் தொடங்கி மேற்கே ஆறாம் எண் வரை போகும்; அடுத்த வரிசை அங்கிருந்தே கிழக்கே திரும்பும். ஏர் மாடு சால் முடிந்ததும் திரும்பி உழுதுவருவதுபோல 36 வரை வளைந்து வளைந்து இறங்கும். பதினாறாம் செக்‌ஷன் பள்ளிக்கு. அது பொதுப் பள்ளிகளின் பராமரிப்புக்கு என்பது 1785 சட்டத்திலேயே இருக்கிறது. நிலத்தை விற்கும் முன்பே பள்ளிக்கூடத்துக்கு இடம் ஒதுக்கிய சட்டம்!

அயோவாவின் டவுன்ஷிப்புகளை எண்ணத் தொடங்கும் புள்ளி அயோவாவிலேயே இல்லை. தெற்கே ஆர்கன்சா மாநிலத்தின் ஒரு சதுப்பு நிலத்தில் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே அடுக்கடுக்காக எண்ணினால் ஹோவர்டு கௌன்டியின் மேல் விளிம்பு நூறாவது அடுக்கு. ஏறக்குறைய 600 மைலுக்கு அப்பால் நட்ட முளைக்கம்பு ஒன்றைச் சார்ந்துதான் இங்கே ஒரு விவசாயியின் வேலி நிற்கிறது.

தாளில் கட்டம் போடுவது எளிது. பூமி உருண்டையாயிற்றே! வடக்கே போகப் போகத் தீர்க்கக் கோடுகள் நெருங்கும். ஹோவர்டு கௌன்டியின் அட்சரேகையில் கணக்கிட்டால், ஆறு மைல் டவுன்ஷிப்பின் வடக்கு ஓரம் தெற்கு ஓரத்தைவிடச் சுமார் 45 அடி குறைவாக வர வேண்டும். ஒரு டவுன்ஷிப்பில் இது அற்பம், பத்து டவுன்ஷிப் தாண்டினால் கட்டம் சதுரமாக இருக்காது. அதனால் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு திருத்தக் கோடு போட்டு, அங்கே ஆறு மைலைப் புதிதாக அளந்து தொடங்கினார்கள். நேராக வரும் மண்சாலை திடீரென்று கிழக்கிலோ மேற்கிலோ ஒடிந்து, மறுபடி வடக்கே போகும் இடங்கள் இப்படி உண்டானவை. சங்கிலிப் பிழை, மேடு பள்ளப் பிழை எல்லாவற்றையும் வடக்கு வரிசையிலும் மேற்கு வரிசையிலும் தள்ளிவிட்டார்கள். ஒரு டவுன்ஷிப்பின் பரப்பு 35.8 என்றும் இன்னொன்றின் பரப்பு 36.3 சதுர மைல் என்றும் புள்ளிவிவரப் பட்டியல்களில் பார்க்கிறோமே, அந்தத் தசமங்கள் பெரும்பாலும் இந்தப் பிழைகளின் மிச்சம்.

அளவையாளர்கள் தங்களுக்குத் தெரியாமலே இன்னொரு வேலையும் செய்தார்கள். அரை மைலுக்கு ஒரு முளை நட்டபோது, அது தொலைந்தால் கண்டுபிடிக்க வசதியாகப் பக்கத்து மரங்களில் வெட்டுக்குறி போட்டு, மரத்தின் வகை, பருமன், திசை, தூரம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதினார்கள். இவை சாட்சி மரங்கள். மரமே இல்லாத புல்வெளியில் மண்ணைக் குவித்து மேடு கட்டினார்கள். அயோவாவில் இந்த அளவை 1836 முதல் 1859 வரை நடந்தது. சூழலியலாளர்கள் இன்று அதே நோட்டுகளைப் புரட்டி, ஏர் படுவதற்கு முன் எங்கே ஓக் தோப்பு, எங்கே புல்வெளி என்று வரைபடம் போடுகிறார்கள். நிலம் விற்க எழுதிய குறிப்பு தாவரவியல் ஆவணமானது, யாரும் திட்டமிடாத லாபம். அந்தப் புல்வெளியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட அயோவாவில் மிஞ்சவில்லை. மிஞ்சியதில் குறிப்பிடத்தக்க ஒரு துண்டு இதே ஹோவர்டு கௌன்டியில் இருக்கிறது. 240 ஏக்கர். அதைக் காக்கப் போராடிய தாவரவியலாளர் ஏடா ஹேடனின் பெயரால் ஹேடன் பிரெய்ரி.

சங்கிலி இழுத்தபோது அது ஆளில்லாத நிலமாக இருக்கவில்லை. 1830 ஒப்பந்தத்தின்படி இந்தப் பகுதி, வடக்கே டகோட்டா மக்களுக்கும் தெற்கே சாக், மெஸ்குவாக்கி மக்களுக்கும் நடுவே 40 மைல் அகலத்தில் ஒதுக்கிய ‘நடுநிலை நிலம்’. பிறகு ஹோ-சங்க் மக்களை விஸ்கான்சினிலிருந்து கிளப்பி இங்கே குடியமர்த்தினார்கள். 1848இல் இங்கிருந்தும் மினசோட்டாவுக்குத் துரத்தினார்கள். டவுன்ஷிப்பின் மக்கள்தொகை வரலாற்றை முதல் குடியேறியிலிருந்து தொடங்கும் உள்ளூர்ப் புத்தகங்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகின்றன.

இனி ஆட்களின் கணக்கு. ஒரு செக்‌ஷனை நான்காக வெட்டினால் 160 ஏக்கர். 1862 ஹோம்ஸ்டெட் சட்டம் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த அதிகபட்ச நிலம் அதுதான். குதிரை ஏர் வைத்து ஒரு குடும்பம் சமாளிக்கக்கூடிய அளவும் ஏறக்குறைய அதுவே. செக்‌ஷனுக்கு நான்கு பண்ணை என்றால் டவுன்ஷிப்புக்கு 144. வீட்டுக்கு ஐந்து பேர் என்று வைத்தால் 720 பேர். இப்போது அயோவாவில் ஒரு பண்ணையின் சராசரிப் பரப்பு சுமார் 345 ஏக்கர். அதே 23,040 ஏக்கரில் 67 பண்ணைதான் அடங்கும். வீட்டுக்கு இரண்டரைப் பேர் என்றால் 170 பேர்கூடத் தேறாது. இது காகிதக் கணக்குதான். என்றாலும் நடுமேற்கின் விவசாய டவுன்ஷிப்புகள் போன திசை இதுவே. நிலம் அப்படியே இருக்கிறது, விளைச்சல் பல மடங்கு ஏறியிருக்கிறது. அதற்குத் தேவையான கைகள்தான் குறைந்துபோயின.

டிராக்டர் வந்து ஆட்களை விரட்டியது என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் ஹோவர்டு கௌன்டியின் மக்கள்தொகை உச்சம் தொட்டது 1900இல், ஏறக்குறைய 14,500 பேர். வயலில் டிராக்டர் பரவலாவதற்கு வெகுகாலம் முன்பு. 1900க்கும் 1910க்கும் இடையே அமெரிக்காவிலேயே மக்கள்தொகை குறைந்த ஒரே மாநிலம் அயோவாதான். காரணம் வறட்சியோ பஞ்சமோ அல்ல, வளம். நிலத்தின் விலை அத்தனை ஏறிப்போயிற்று. இளையவர்கள் மலிவு நிலம் தேடி டகோட்டாவுக்கும் கனடாவுக்கும் போனார்கள். சதுரம் நிரம்பி வழிந்ததுதான் முதல் வெளியேற்றம். அதன்பிறகுதான் டிராக்டரும், 1930களில் கலப்பின மக்காச்சோளமும். பண்ணைகள் ஒன்றையொன்று விழுங்கின. பிள்ளைகள் குறைந்தார்கள், பள்ளிகள் ஒன்பதும் மூடின. பள்ளிப் பேருந்து வந்துவிட்ட பிறகு இரண்டு மைல் கணக்குக்கு வேலையில்லை. 2020இல் ஹோவர்டு கௌன்டியின் மக்கள் 9,469 பேர். சதுர மைலுக்கு 20. இவர்களிலும் ஐந்தில் இரண்டு பங்கினர் கிரெஸ்கோ என்ற ஒரே நகரத்தில்.

இதே வட்டாரத்தில் எதிர்த் திசையில் போகிறவர்களும் உண்டு. ரைஸ்வில் ஊரைச் சுற்றி ஆமிஷ் குடும்பங்கள் வாழ்கின்றன. மத நம்பிக்கையால் இன்னும் குதிரையைப் பூட்டி உழுகிறவர்கள். வீட்டுக்கு ஆறேழு பிள்ளைகள் சாதாரணம். பண்ணைகள் சிறியவை, வீடுகள் நெருக்கம். கார் வைத்துக்கொள்ளாததால் நடந்து போகும் தூரத்தில் தங்களுக்கென்று ஒற்றையறைப் பள்ளிகளையும் நடத்துகிறார்கள். மண்ணும் மழையும் ஒன்றுதான். பூட்டுகிற இழுவை வேறு, ஆகவே ஆள் அடர்த்தியும் வேறு.

ஆள் குறைந்தாலும் டவுன்ஷிப் அரசாங்கம் சாகவில்லை. அயோவாவில் ஒவ்வொரு டவுன்ஷிப்புக்கும் மூன்று அறங்காவலர்கள், ஓர் எழுத்தர். சாலைப் பொறுப்பை 1929இல் ஒரு சட்டம் கௌன்டிக்கு மாற்றிவிட்டது. நல்லதுதான், செக்‌ஷன் கோடுகள் எல்லாவற்றிலும் சாலை போட்டால் ஒரு டவுன்ஷிப்பின் பங்கு 72 மைல், சில நூறு பேர் தாங்கக்கூடிய சுமையா அது? மிஞ்சியவை தீயணைப்பு, இடுகாடு, வேலித் தகராறு. இரண்டு பண்ணைக்காரர்கள் சண்டை போட்டால் அறங்காவலர்கள் நேரில் வந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். வேலியின் நடுப்புள்ளியில் இருவரும் எதிரெதிரே நின்று, அவரவர் வலக்கைப் பக்கப் பாதியைப் பராமரிக்க வேண்டும் என்பது வழக்கம்.

இவ்வளவு சிறிய ஊர்களில் தலை எண்ணுவதே ஒரு சிக்கல். அட்டவணையில் ‘எண்பது வயதுக்கு மேல் ஒருவர்’ என்று இருந்தால் அது யார் என்பது ஊருக்கே தெரியும். எனவே 2020 கணக்கெடுப்பில் அமெரிக்க மக்கள்தொகைப் பணியகம் ‘டிஃபரென்ஷியல் ப்ரைவசி’ என்ற கணித உத்தியைப் புகுத்தியது: மாநில மொத்தத்தை அப்படியே வெளியிட்டு, அதற்குக் கீழுள்ள எண்ணிக்கைகளில் வேண்டுமென்றே சிறிது கூட்டியும் குறைத்தும் காட்டுவது. நெப்ராஸ்காவின் மொனோவி என்ற சிற்றூரில் வசித்தது ஒரே ஒரு மூதாட்டி. ஊர்த் தலைவர், மதுக்கடைக்காரர், நூலகர் எல்லாம் அவரே. அந்த ஆண்டுப் பட்டியல் அவருடைய ஊரில் இரண்டு பேர் என்றது. இன்னொருவர் யார் என்று கேட்டவர்களுக்கு, தனக்குத் தெரிந்து அப்படி யாரும் இல்லை என்றார் அவர். மாநில அளவில் இந்தச் சேர்க்கைக்கு இடமே இல்லை, கௌன்டி அளவில் பொருட்படுத்த வேண்டியதில்லை. 200 பேர் வாழும் டவுன்ஷிப்பில் பத்தாண்டில் மூன்று பேர் கூடியதாகவோ குறைந்ததாகவோ பட்டியல் சொன்னால் அது பிறப்பா, குடிபெயர்வா, கணினி தூவிய எண்ணா என்பதைப் பட்டியலை வைத்துக்கொண்டு பிரிக்க முடியாது.