ஏலக்காய்க்குள்ளே ஒரு செக்போஸ்ட்!

போடியிலிருந்து போடிமெட்டுக்கு பஸ் ஏறியிருக்கீங்களா? 17 கொண்டை ஊசி வளைவு தாண்டினா, தமிழக - கேரள எல்லை செக்போஸ்ட். எந்த வண்டி போகலாம், எது நிக்கணும்னு அங்கேதான் முடிவாகும். அந்த மலைச்சரிவில் விளையற ஒவ்வொரு ஏலக்காய்க்குள்ளேயும் இதே வேலையை பல லட்சம் குட்டி செக்போஸ்ட்கள் பார்க்குது. பேரு, செல் சவ்வு!

"பயாலஜிக்கு ப்ளஸ் டூவோட டாட்டா காட்டியாச்சே பாஸ்!"னு எஸ்கேப் ஆகாதீங்க. இது துட்டு மேட்டர்.

யாருக்கு அனுமதி?

சவ்வோட தடிமன் 7, 8 நானோமீட்டர்தான். உங்க தலைமுடியில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு! ரெண்டு அடுக்கு கொழுப்பு, நடுநடுவே புரதக் கதவுகள். ஆக்சிஜன் கேட்காமலே நுழைஞ்சிடும். உப்பு, சர்க்கரைக்கெல்லாம் கதவு திறந்தாதான் வழி. இந்த அமைப்பை 1972-ல் சிங்கர், நிக்கல்சன் ரெண்டு பேரும் விளக்கினாங்க. தண்ணீருக்கான தனிக் கதவைக் கண்டுபிடிச்ச பீட்டர் ஆக்ரேவுக்கு 2003-ல் வேதியியல் நோபல் கிடைச்சது.

பச்சை போனா போச்சு!

தாவர செல்லுக்குள் 'வாக்குவோல்'னு ஒரு பை. அதுக்கும் சொந்தமா சவ்வு உண்டு. அமிலத்தை பம்ப் பண்ணி உள்ளேயே அடைச்சு வைக்கும். வெளியே பச்சையம். அதோட நடுவில் ஒரு மக்னீசியம் அணு. ரெண்டும் சந்திக்காத வரைக்கும் காய் பச்சைப் பசேல்!

பறிச்ச காயில் 80 சதவிகிதம் ஈரம். அதை ஸ்டோரில் 45 முதல் 55 டிகிரி சூட்டில் காயவெச்சு, 10, 12 சதவிகிதத்துக்குக் கொண்டு வரணும். கவனிக்காம சூடு எகிறினா சவ்வு சிதைஞ்சு அமிலம் வெளியே கசியும். மக்னீசியம் கழண்டுக்கும். பச்சை, பழுப்பாகிடும்.

போடி ஏலத்தில் நிறத்துக்குத்தான் முதல் மரியாதை. விடிகாலையிலேயே ஜீப் ஏறி மலைக்குப் போற தொழிலாளிகளின் உழைப்பும், சிறு விவசாயியின் ஒரு வருஷக் கணக்கும் அந்தச் சூட்டில்தான் நிக்குது. நிறம் போன காய்க்கு செயற்கைச் சாயம் ஏத்தற ஆட்களும் உண்டு. அது சட்டப்படி கலப்படம்.

நேர்மையான வழியும் இருக்கே! காய வைக்கிறதுக்கு முன்னாடி, 2 சதவிகித சலவைச் சோடா கரைசலில் 10 நிமிஷம் ஊறவைக்கிறாங்க. காரம் அமிலத்தை அடக்கிடும், பச்சை தங்கும். காய்ஞ்சதும் கறுப்பு பாலிதீன் பையில் வெளிச்சம் படாம வெச்சுட்டா, நிறம் சீக்கிரம் வெளுக்காது.

நம்பலையா? வீட்டில் பீன்ஸை ரெண்டு பாத்திரத்தில் வேகவைங்க. ஒண்ணில் துளி ஆப்பசோடா, இன்னொண்ணில் எலுமிச்சைச் சாறு. எது பச்சையா இருக்கு, எது பழுப்பாச்சுன்னு பாருங்க. செமஸ்டர் லேப் மாதிரி ரெக்கார்ட் நோட் எழுதத் தேவையில்லை. ரிசல்ட்டை சாப்பிட்டுடலாம்!