சிறிய மரம் வெட்டும் இயந்திரத்தில் ரம்பம் பொருத்துதல்

சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளில், நெருக்கமாக வளர்ந்த காடுகளில் ஒரு பகுதி மரங்களை வெட்டி அகற்றுவதற்குச் சிறிய இயந்திரங்களும் பயன்படுத்தப்படுகின்றன. இவற்றின் நீண்ட கரத்தின் நுனியில், மரத்தைப் பற்றும் பிடியும் அறுக்கும் ரம்பமும் கொண்ட தலைப்பகுதி பொருத்தப்படுகிறது. ரம்பம் கூர்மையாக இருந்தால் மட்டும் போதாது. இயந்திரத்தின் ஆற்றலுக்கும் எடைக்கும் அது இசைந்ததாக இருத்தல் வேண்டும்.

முதலில் கருதத்தக்கது ஹைட்ராலிக் எண்ணெயின் ஓட்டம். ரம்பத்தை இயக்குவது இந்த எண்ணெயே. நிமிடத்திற்கு 100 லிட்டர் எண்ணெய் 210 பார் அழுத்தத்தில் பாய்ந்தால் 35 கிலோவாட் ஆற்றல் கிட்டும்; ஓட்டம் பாதியானால் ஆற்றலும் பாதியாகும். இடைவிடாது சுழலும் வட்ட ரம்பத்திற்கு எண்ணெயும் இடைவிடாது வேண்டும். அறுக்கும்போது மட்டும் ஓடும் சங்கிலி ரம்பம் எடை குறைந்தது. ஆதலால் சிறிய இயந்திரத்திற்கு ஏற்றது.

இரண்டாவது, நிலைப்பு. 300 கிலோ தலைப்பகுதி 400 கிலோ மரத்தைச் சக்கர விளிம்பிலிருந்து 4 மீட்டர் தொலைவில் தாங்குவதாகக் கொள்வோம். இயந்திரத்தின் எடைமையம் அவ்விளிம்பிலிருந்து 1 மீட்டர் உள்ளே இருந்தால், கரத்தின் எடையைச் சேர்க்காமலே, இயந்திரம் 2,800 கிலோவுக்கு மேல் இருந்தால்தான் கவிழாது. சரிவான நிலத்தில் அதுவும் போதாது.

மூன்றாவது, பாதுகாப்பு. அறுந்த சங்கிலியின் துண்டு துப்பாக்கிக் குண்டுபோல் பாயக்கூடும். சாதாரணக் கண்ணாடி அதைத் தடுக்காது. ஓட்டுநர் அறைக்குத் தடித்த பாலிகார்பனேட் பலகை இன்றியமையாதது. ரம்பம் ஓடும் தளத்திற்கு நேராக எவரும் நிற்கலாகாது.

விலையை ஒப்பிடுமுன் இம்மூன்றையும் சரிபார்ப்பதே பொருளையும் தொழிலாளியின் உயிரையும் காக்கும் வழியாகும்.